ஒப்போசத்தின் மண்டையோடு: எக்ஸ்ரேயா, சி.டி. ஸ்கேனா?

வாகனத்தில் அடிபட்டு வரும் வர்ஜீனியா ஒப்போசம் என்னும் வட அமெரிக்கப் பைம்மா விலங்கின் (குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும் இனம்) தாடையைப் பரிசோதிக்க எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகிய இரண்டும் பயன்படுகின்றன. எக்ஸ்ரே விரைவாக முடியும், செலவும் குறைவு. கீழ்த்தாடை உடைந்து விலகியிருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் நீண்ட முகமும், அகன்று வளைந்த கன்ன எலும்பும், மொத்தம் 50 பற்களும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், நுண்ணிய விரிசல்கள் நிழலுக்குள் மறைந்துபோகின்றன.

இந்த விலங்கின் இயல்பான அமைப்பே பார்ப்பவரைத் தடுமாற வைக்கக்கூடும். வாயின் மேற்கூரையான அண்ணத்தின் எலும்பில் பிறவியிலேயே இடைவெளிகள் உண்டு. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முகவாயில் எலும்பாக ஒட்டிக்கொள்வதில்லை. தாடையின் பின்மூலை, பைம்மாவினங்களுக்கே உரிய வகையில், உள்நோக்கி வளைந்திருக்கும். நாய், பூனை படங்களையே பார்த்துப் பழகிய மருத்துவர் இவற்றை எலும்பு அரிப்பு என்றோ முறிவு என்றோ கருதிவிட வாய்ப்புண்டு.

சி.டி. ஸ்கேன் எலும்பை மெல்லிய அடுக்குகளாகக் காட்டுவதால், அண்ணத்து இடைவெளியின் ஓரம் வழவழப்பாக உள்ளதா, முறிந்து கூர்மையாக உள்ளதா என்பதை இருபுறமும் ஒப்பிட்டு அறியலாம். தாடை மூட்டு, மூக்கறை, பல் வேர்ச் சீழ் ஆகியவற்றுக்கு அதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து. கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை என்பதே அதன் பெருங்குறை. வாய் மூடுவதில் கோணல் இருந்து, எக்ஸ்ரேயில் காரணம் புலப்படாவிட்டால், ஸ்கேனுக்கு அனுப்பத் தயங்கக் கூடாது.