பைக் ஜிபிஎஸ் என்று சொல்லி வெறும் திரையை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

பைக்கில் மாட்ட ஜிபிஎஸ் நேவிகேஷன் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஐந்து இன்ச் திரையோடு, பத்தாயிரம் இருபதாயிரம் என்று விலை போட்டு "மோட்டார்சைக்கிள் ஜிபிஎஸ்" என்ற பெயரில் வருகிற கருவிகள் பலவற்றுக்குள் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் ஜிபிஎஸ் ரிசீவரே கிடையாது. நான் 14,500 ரூபாய் கொடுத்து வாங்கியது அப்படி ஒன்றுதான்.

கோயம்புத்தூரில் பைக் சாமான் விற்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. என்னுடையது ஒற்றை சிலிண்டர் 350 சிசி வண்டி, ஹேண்டில்பாரில் அதிர்வு நன்றாகவே தெரியும். பெரிய மோட்டார்சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி ஐபோன் கேமராவின் ஆட்டம் தாங்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழி காட்ட தனியாக ஒரு கருவி வைக்கலாம் என்றுதான் போனேன். கடைக்காரரிடம் தெளிவாகக் கேட்டேன்: "இது போன் இல்லாமல் தனியாக ஓடுமா? மலையில் சிக்னல் இருக்காது." அவர் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது: "போனே வேண்டாமுங்க. மேப்பு உள்ளயே இருக்குது. நாவிக் சாட்டிலைட்டே எடுக்கும்." நாவிக் என்பது இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு. பெட்டியின் மேலும் ஜிபிஎஸ், நாவிக், ஐபி67 (தூசி, தண்ணீர் புகாது என்பதற்கான தரக்குறி) என்று மூன்றும் அச்சடித்திருந்தது.

ஊருக்குள் ஓட்டிய வரை எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. "முதல் தடவை போனோட ஜோடி சேர்த்தாத்தான் மேப்பு அப்டேட் ஆகும்" என்று கடையிலேயே என் போனை அதில் இணைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த இணைப்புதான் மொத்த வேலையையும் செய்துகொண்டிருந்தது என்பது வால்பாறையில்தான் தெரிந்தது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அதில் வழி தவற இடமே இல்லை, ஒரே சாலை. வழிகாட்டி தேவைப்படுவது மேலே போன பிறகு. நல்லமுடி பூஞ்சோலை போன்ற இடங்களுக்கு எஸ்டேட் பாதைகள் வழியாகப் போக வேண்டும். பிரிகிற ஒவ்வொரு பாதையும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு பக்கமும் தேயிலை. திரும்பும்போது பனிமூட்டம் இறங்கிவிட்டது. வயர்லெஸ்ஸில் மேப்பை அனுப்பி அனுப்பிச் சூடேறிய போன் சட்டைப்பைக்குள்ளேயே சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அடுத்த நொடி திரையில் மேப் போய், "போனை இணைக்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஜிபிஎஸ் என்று படம் போட்டிருந்த பொத்தானை அழுத்தினால் அதே வரிதான். அந்தப் பகுதியில் சாயங்காலம் ஆனால் யானை நடமாட்டம் உண்டு. யானை பக்கத்தில் இருந்தால் எச்சரிக்க ஆங்காங்கே சிவப்பு விளக்கே வைத்திருக்கிறார்கள். இருட்டுகிற நேரத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன். இலை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு எஸ்டேட் டிராக்டர் வந்தது. அதை ஓட்டி வந்த அண்ணன் "பின்னாலயே வாங்க தம்பி" என்று கூட்டிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் விட்டார். அவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் பதறுகிறது.

மறுநாள் இறங்கும்போது மழை. பலத்த மழை என்றுகூடச் சொல்ல முடியாது. ஆழியாறு வருவதற்குள் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. பொள்ளாச்சி தாண்டியதும் யாரும் தொடாமலேயே மெனு தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கடைக்குக் கொண்டுபோனால், "தண்ணி பட்டா வாரண்டி இல்லைங்க" என்கிறார்கள். வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி விற்ற பொருள் அது! பெட்டியில் போட்டிருக்கிற ஐபி67-ஐக் காட்டினால், அது கம்பெனி போட்டது, எங்களுக்குத் தெரியாது என்று பதில். எந்தக் கம்பெனி என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, புகாருக்கு எந்த எண், எதுவும் இல்லை. பொட்டலமாக விற்கும் பொருளில் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொதியிடப்பட்ட பொருட்கள் விதி. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர் இல்லை என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் பெட்டி, பில், திரை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, செல்போன் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். பின்மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் போக ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. பள்ளம் இருந்தது, ரப்பர் இல்லை. சர்க்யூட் போர்டின் ஒரு ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ஜிபிஎஸ் என்று அச்சாகி, அதன் கீழே சதுரமாக ஈயம் பூசிய புள்ளிகள் வரிசையாக வெறுமனே கிடந்தன. சிப் உட்கார வேண்டிய இடம் அது. ஆன்டெனா ஒயர் மாட்டும் முனையும் காலி. அவர் காட்டிய இடத்தைப் பெரிதாக்கி எடுத்த படம் புகாரோடு சேர்த்திருக்கிறேன். ரிசீவரே இல்லாத போர்டில் நாவிக் எப்படி வேலை செய்யும்? பழைய நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் என்ற அலைவரிசைகளில்தான் அனுப்பின. சாதாரண ஜிபிஎஸ் சிப்புகள் பயன்படுத்தும் எல்1 அலைவரிசை 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோளில்தான் வந்தது. எல்1 மட்டும் பிடிக்கும் சிப்புக்குப் பழையவை எட்டாது. அதனால் மலிவான கருவியில் நாவிக் என்று எழுதியிருந்தால் நம்பும் முன் இரண்டு முறை கேளுங்கள்.

இந்த வகைக் கருவியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ திரை, அதாவது போனில் ஓடுவதைக் காட்டும் திரை, என்று உண்மையைச் சொல்லி விற்றால் நியாயமான பொருள்தான். மேப்பை வரைவது போன், இடத்தைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் போன், திரை காட்டுவது மட்டும்தான். அதைத் தனித்து இயங்கும் நேவிகேட்டர் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. கார்மின் ஸூமோ மாதிரி கருவிகளில் ரிசீவரும் மேப்பும் உள்ளேயே இருக்கும். விலையும் அதற்கேற்ற மாதிரி கூடுதல். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கிவருவதாக இருந்தால் அதில் எந்த நாட்டு மேப் என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஐரோப்பா மேப் மட்டும் போட்டுக்கூட வரும்.

கடையில் சோதிப்பது சுலபம். உங்கள் போனை அணைத்துவிடுங்கள், ஏரோபிளேன் மோடு போதாது, முழுக்க அணையுங்கள். கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வெட்டவெளிக்கு வாருங்கள். சொந்த ரிசீவர் இருந்தால் செட்டிங்ஸில் எத்தனை சாட்டிலைட் பிடித்திருக்கிறது என்று காட்டும் பக்கம் பெரும்பாலும் இருக்கும், கொஞ்ச நேரத்தில் நீங்கள் நிற்கும் தெரு மேப்பில் வர வேண்டும். புதுக் கருவி முதல்முறை இடம் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும், அது குறையல்ல. போன் இன்டர்நெட்டிலிருந்து உதவி வாங்குவதால் சட்டென்று பிடிக்கிறது, இது நேராக வானத்திலிருந்து தகவல் இறக்க வேண்டும். அப்படியே வெயிலில் திரை படிக்கும்படி இருக்கிறதா, கையுறை போட்ட விரலுக்கு வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும்.

ஐபி67 உண்மையாகவே இருந்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசி 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் சும்மா கிடந்தால் தாங்கும் என்று அர்த்தம். வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்று தனிச் சோதனை இருக்கிறது. ஓடுகிற பைக்கில் மழை வந்து அடிப்பது இரண்டாவது வகைக்குத்தான் நெருக்கம்.

என்னைக் கேட்டால், அதிகம் செலவழிக்க முடியாதவர்களுக்கு வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனே மேல். ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஆப்பில் தமிழ்நாடு, கேரளா மேப்பை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் சிம் இல்லாமலே வழி காட்டும். அதன் கேமரா அதிர்வில் கெட்டால்கூடப் பரவாயில்லை. இப்போது நான் ஓட்டுவது அப்படித்தான்.

பணம் திரும்ப வரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், கடைக்காரர் பதில் சொல்லவில்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எனக்கு இருக்கும் ஒரே சிக்கல் பில். அதில் "பைக் ஆக்சஸரி 1" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கும்போது "தனித்து இயங்கும் ஜிபிஎஸ், ஐபி67" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கி ஏமாந்திருந்தால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் மேல் அச்சடித்திருக்கிற பொய்தான் ஆணையத்தில் காட்ட உங்கள் கையில் இருக்கும் சாட்சி.