உப்புக்காற்றில் சாவி கொடுக்கிற மணிக்கூடு: சீகலா, ஹமில்டனா, மார்லினா, ஜனதாவா?

பழைய வடிவத்தில் மறுபடி வெளிவரும் சாவி கொடுக்கிற கைமணிக்கூடு ஒன்றை வாங்கப் போகிறேன் என்று திருகோணமலையில் யாராவது சொன்னால், நான் இரண்டு கேள்வி கேட்பேன். தண்ணீரும் வியர்வையும் உள்ளே போகாமல் அது தாங்குமா? நின்றுபோனால் இங்கே யார் திறந்து பார்ப்பார்?

டயலின் நிறம், எண்களின் எழுத்து, குவிந்த கண்ணாடியில் வெளிச்சம் விழும் விதம், இவையெல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கச்சான் வீசும் ஆனி, ஆடியில் உள்துறைமுக வீதியில் மத்தியானம் கொஞ்சத் தூரம் நடந்தாலே பட்டிக்குக் கீழே வியர்வை தேங்கிவிடும். மாரி காலத்தில் அலுமாரிக்குள் வைத்த தோல் பட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். உப்புவெளிப் பக்கம் யன்னல் கம்பிகூடத் துருப்பிடித்து உதிர்கிறது. இந்த ஊரில் மணிக்கூடு கட்டுவதற்கு வேறு அளவுகோல் வேண்டும். கைக்கெட்டும் விலையில் வருகிற மூன்று மறுவெளியீடுகளையும் (சீகல் 1963, ஹமில்டன் காக்கி, டைமெக்ஸ் மார்லின்), அவற்றுக்குப் போட்டியாக நிற்கும் ஓர் அசல் பழசையும் (எச்எம்டி ஜனதா) அந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

அழகில் முதலிடம் சீகல் 1963க்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீன விமானப்படை விமானிகளுக்காக 1961இல் தியான்ஜின் கடிகாரத் தொழிற்சாலையில் தொடங்கிய 304ஆம் இலக்கத் திட்டத்தில் பிறந்த வடிவம் இது. சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 என்ற மூவ்மென்டை, அதாவது மணிக்கூட்டை ஓட்டும் உள் இயந்திரத்தை, செய்யும் இயந்திரங்களை வாங்கி, அதிலிருந்து தங்களுக்கென்று ஒன்றை உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த எஸ்டி19தான் இன்றைய மறுவெளியீட்டுக்குள் ஓடுகிறது. பாலாடை நிற டயல், பொன்னிறக் குறிகள், 12க்குக் கீழே சிவப்பு நட்சத்திரம், நீல முட்கள். பின்பக்கம் கண்ணாடி போட்ட வகையை வாங்கிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் கட்டுப்படுத்தும் தூண்சக்கரம் ஒரு பல் நகர, நெம்புகோல் விழ, சக்கரங்கள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்வதைக் கண்ணால் காணலாம். நேரத்தை அளந்து நிறுத்தும் குரோனோகிராஃப் வேலையை, பற்றரி இல்லாமல், கையால் கொடுத்த சாவியின் பலத்தில் செய்து காட்டுகிற மணிக்கூடு இந்த விலைக்கு வேறு கிடைப்பது அரிது. 38 மி.மீ. அளவும் மூலத்தை ஒட்டியது.

சரி, குறைகள். சாவி கொடுக்கும் குமிழோடு இரண்டு பொத்தான்களும் இருப்பதால் ஈரம் நுழைய மூன்று வாசல். நீர்த்தாங்கு திறனும் பெரிதாக இல்லை. மழைத்தூறல் போதும், கவலை தொடங்கிவிடும். தொழிற்சாலை தன் பெயரில் விற்பது ஒரு பக்கம் இருக்க, அதே மூவ்மென்டை வாங்கி வேறு பலரும் இதே முகத்தோடு மணிக்கூடு பூட்டி விற்கிறார்கள். அவற்றில் கவனமாக எண்ணெய் போட்டுச் சரிபார்த்து அனுப்புகிறவர்களும் உண்டு, பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. திருத்துவது இன்னும் கடினம். எங்கள் நகரத்தில் கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் மூத்த திருத்துநர் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: “தம்பி, மூன்று முள் மட்டும் ஓடுற சாமான் எண்டால் தாங்கோ, பார்க்கலாம். இந்தப் பட்டன் வச்சது எண்டால் கொழும்புக்குத்தான் போகவேணும்.” அவர் சொன்னது நியாயம். குரோனோகிராஃபில் நெம்புகோல்களின் ஆழத்தை மயிரிழை அளவில் சரிசெய்ய வேண்டும். பழக்கமில்லாத கை பட்டால் இருந்ததும் கெடும்.

ஹமில்டன் காக்கி ஃபீல்ட் மெக்கானிக்கல் இதற்கு நேர் எதிர்த் திசை. ஹமில்டன் 1892இல் அமெரிக்காவின் லங்காஸ்டர் நகரில் தொடங்கிய நிறுவனம். இப்போது ஸ்வாட்ச் குழுமத்தின் கையில், சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அமெரிக்கப் படைவீரர்களுக்குச் செய்த மணிக்கூடுகளின் முகத்தை 2018இல் 38 மி.மீ. உறைக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெள்ளை எண்கள், உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை, மூன்று முட்கள். தேதி இல்லை. சஃபயர் கண்ணாடி, 50 மீட்டர் நீர்த்தாங்கு திறன். உள்ளே ஓடும் எச்-50 மூவ்மென்ட் முழுச் சாவியில் 80 மணிநேரம் ஓடும். வெள்ளி மாலை சாவி கொடுத்துக் கழற்றி வைத்தால் திங்கள் காலை வேலைக்குப் போகும்போது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற மூன்றும் ஒன்றரை நாள், கொஞ்சம் கூட என்றுதான் போகும். குமிழை வெளியே இழுத்தால் விநாடி முள் நின்றுவிடுவதால், வானொலிச் செய்தியின் மணியோசைக்கு நேரத்தைச் சரியாக வைக்கலாம். சீகலில் அந்த வசதி இல்லை.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்று, சில வகைகளில் குறிகளுக்குப் பூசியிருக்கும் மங்கல் மஞ்சள். பல வருடம் கட்டினால் வர வேண்டிய நிறத்தைக் கடையிலேயே பூசித் தருவது மணிக்கூட்டுக்கும் கட்டுகிறவருக்கும் செய்யும் மரியாதை இல்லை. அளவிலும் மூலத்தை விடப் பெரிசு. அளவு உறுத்தினால் அதே நிறுவனத்தின் பைலட் பயனியர் மெக்கானிக்கலைப் பாருங்கள். 1973இல் பிரித்தானியப் படைகளுக்குச் செய்ததன் மறுவெளியீடு. 36க்கு 33 மி.மீ., அதே எச்-50, நீர்த்தாங்கு திறன் 100 மீட்டர். கண்ணாடி மட்டும் சஃபயர் இல்லை, கீறல் விழும். கடலோரத்தில் வேலை செய்கிறவருக்கு நான் அதையே முதலில் காட்டுவேன்.

டைமெக்ஸ் மார்லினைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1960களின் வடிவம், 2017இல் திரும்பி வந்தது, 34 மி.மீ., குவிந்த அக்ரிலிக் கண்ணாடி, உள்ளே சீனாவில் செய்த சாதாரண மூவ்மென்ட். வேட்டி சட்டையோடு கலியாணத்துக்குப் போக இதைவிட அடக்கமான மணிக்கூடு இந்த நான்கில் இல்லை. மெல்லிய மணிக்கட்டுக்கும் பொருந்தும். ஆனால் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி மழையில் கட்ட வேண்டாம்.

இனி எச்எம்டி ஜனதா. இது மறுவெளியீடு இல்லை, அசலே பழசு. ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அரசுத் தொழிற்சாலையின் பிள்ளை. 2016இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட இந்திய அரசு முடிவெடுத்தது. உராய்வைக் குறைக்கப் பதித்த 17 கல்லோடு ஓடும் அதன் மூவ்மென்டுக்குப் பாகங்கள் தாராளம், பழைய திருத்துநர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். விலையும் மிகக் குறைவு. பிறகு ஏன் மறுவெளியீட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: இணையத்தில் விற்கும் ஜனதாக்களில் ஏராளமானவை டயலுக்குப் புதிதாக நிறம் பூசி, வேறு வேறு மணிக்கூட்டின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியவை. ஊதா, பச்சை, தோடம்பழ நிற டயலைக் கண்டால் விலகிவிடுங்கள். நல்லதாகவே கிடைத்தாலும், பழைய உறைக்குள் ஈரக்காற்று தாராளமாகப் போய்வரும். அப்பப்பா விட்டுப்போன ஃபேவர் லூபா என்ற பழைய சுவிஸ் மணிக்கூடு எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மாரியிலும் அதன் கண்ணாடிக்குள் ஆவி படிவதைப் பார்த்துவிட்டுத்தான், ஈரம் புகாமல் அடைக்கும் புது ரப்பர் வளையத்தோடு (கஸ்கெட்) வரும் பழைய முகம் இந்த ஊருக்கு எவ்வளவு பெரிய வசதி என்று உணர்ந்தேன்.

ஆகவே என் தெரிவு: தினமும் கட்ட ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹமில்டன். சீகல் மேல் ஆசை விடாது என்றால் இரண்டாவதாக வாங்குங்கள், மாசியிலிருந்து சித்திரை வரை கட்டுங்கள், மாரியில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மூன்றுக்கு மேல் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை. சாவி கொடுக்கிற மணிக்கூட்டின் சுகமே காலையில் அதைக் கையிலெடுத்துக் குமிழை உருட்டுவதில் இருக்கிறது. பத்து மணிக்கூடு இருந்தால் ஒன்பது சும்மா கிடக்கும்.

சாவியை மணிக்கட்டிலிருந்து கழற்றிய பிறகே கொடுங்கள். கட்டியபடி உருட்டினால் தண்டு பக்கவாட்டில் இழுபடும். தடுக்கிற இடம் வந்ததும் நிறுத்துங்கள். திடீரென்று வேகமாக ஓடத் தொடங்கினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஒலிபெருக்கிக்கு மேல் வைத்தீர்களா என்று யோசியுங்கள். காந்தம் நீக்கும் சின்னக் கருவி சில விநாடிகளில் சரிசெய்துவிடும். தோல் பட்டியைக் கலியாணத்துக்கு வைத்துக்கொண்டு மற்ற நாளுக்கு நைலோன் பட்டி போடுங்கள். பட்டியின் அகலம் ஹமில்டனுக்கு 20 மி.மீ., மார்லினுக்கும் 38 மி.மீ. சீகலுக்கும் 18. நைலோன் பட்டியில் கடல்நீர் பட்டால் அதை மட்டும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக் காய விடலாம். தோலுக்கு அது முடியாது.

லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் மச்சான் மூலம் எடுப்பிக்கிறவர்கள், அங்கேயே ஒரு கடையில் நீர் அழுத்தச் சோதனை செய்வித்து, ஒரு வாரம் அவரையே கட்டச் சொல்லி, ஒரு நாளில் எத்தனை விநாடி கூடிக் குறைகிறது என்று பார்த்த பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள். சீகலென்றால் பொத்தான் இரண்டையும் பல தடவை அழுத்தி, விநாடி முள் ஒவ்வொரு முறையும் சரியாக 12க்கே திரும்புகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பாவிட்டால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.