சங்கக்கடைக் கொப்பியும் நிலவறைப் பெட்டியும்: பிடிசிபே சர்வர், ஒரு வருடப் பாவனைக்குப் பிறகு

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகருக்குச் சற்று வெளியே, இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை நாங்கள் சந்தை போடுகிறோம். எட்டுக் கடைகள். மரக்கறி, பாண், சீஸ், தேன், சைக்கிள் திருத்துபவர் என்று போய், கடைசி மூலையில் ஓர் அக்காவின் ரோல்ஸ், வடைக் கடை. எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு சிறிய கூட்டுறவு. இவர்களில் கணினி வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனவே காசு வாங்க எந்த இயந்திரம் என்ற கேள்வி என் தலையில் விழுந்தது.

அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் கார்ட் இயந்திரத்தை வாடகைக்கு வைத்திருந்தோம். நான்கு பிராங் கோப்பிக்கும் அவர்கள் பங்கு போகும். அது பரவாயில்லை. டிசம்பர்ச் சந்தைக் காசை மட்டும் "சரிபார்க்கிறோம்" என்று இரண்டு கிழமை நிறுத்தி வைத்தார்கள். எதைச் சரிபார்த்தார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் கோபத்தில்தான், கடைக்காரர் பிட்காயினில் நேரடியாகக் காசு வாங்க உதவும் பிடிசிபே சர்வர் (BTCPay Server) என்ற மென்பொருளை இறக்கினேன். இந்த மென்பொருளே கோபத்தில் பிறந்ததுதான். 2017 இல் ஒரு பெரிய பிட்காயின் கட்டண நிறுவனம் போன போக்குப் பிடிக்காமல், நிக்கோலா டோரியே என்ற பிரெஞ்சு நிரலாளர் "உங்களைத் தேவையற்றவர்களாக்குவேன்" என்ற பொருள்படப் பகிரங்கமாக எழுதிவிட்டு எழுதத் தொடங்கியது இது. திறந்த மூலம், இலவசம். இடையில் தரகுக் காசு எடுக்க யாருமில்லை.

பெட்டி பழைய சின்னக் கணினி ஒன்று, 180 பிராங். 1 டிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் தனியாக வாங்கினேன். இதுவரை நடந்த பரிமாற்றங்கள் எல்லாம் உள்ள பிட்காயினின் முழுப் பதிவேடும் 600 ஜிபிக்கு மேல் வரும். கத்தரித்துச் சின்னதாகவும் வைக்கலாம், நான் முழுதாகவே வைத்தேன். முதல் தரம் இறங்கி முடிய மூன்று நாள். சைக்கிள்காரரின் நிலவறையில், அவருடைய ரவுட்டருக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. அதே பெட்டியில், கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளும் ஓடுகிறது. கூட்டக் குறிப்புகள், யார் எந்த நாள் கூடாரம் கட்டுவது என்ற அட்டவணை, பழைய ரசீதுகள் எல்லாம் அங்கேதான். ஏறக்குறைய 15 வாட் இழுக்கிறது. வருடத்துக்கு நாற்பது பிராங் மின்சாரம் என்று வையுங்கள்.

ஒரே சர்வரில் எத்தனை கடையும் திறக்கலாம் என்பது இதன் பெரிய பலம். எட்டுக் கடைக்கும் எட்டுக் கணக்கு, எட்டுக் கடவுச்சொல். விற்பனைப் பக்கம் வெறும் இணையப் பக்கம்தான், பழைய கைத்தொலைபேசி போதும். தேன்காரர் படத்தோடு பொருட்பட்டியல் போட்டிருக்கிறார். அக்காவுக்கு எண் பலகை மட்டும். 11 பிராங் என்று அடித்தால் அந்த நிமிட விகிதத்தில் கியூஆர் குறி வரும். 15 நிமிடத்துக்கு அந்த விகிதம் மாறாது. காசு வந்ததும் திரையில் வண்ணக் காகிதம் பறக்கும், மணிச்சத்தம் கேட்கும். இது விளையாட்டுச் சாமான் என்று அணைக்கப் போனேன். அக்கா விடவில்லை. "தம்பி, நான் எண்ணெயைப் பாப்பனோ, போனைப் பாப்பனோ? சத்தம் கேட்டால் குடுப்பன், கேக்காட்டில் குடுக்கமாட்டன்." அவர் சொன்னது சரி. இந்தச் சர்வரிலேயே எல்லாருக்கும் உதவிய வசதி அந்தச் சத்தம்தான்.

2024 இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து நிர்வாகப் பக்கத்துச் சொற்களை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒரு மழை நாளில் இருந்து தமிழாக்கினேன். பாதியில் அலுத்து விட்டுவிட்டேன். இப்போது பாதித் தமிழ், பாதி ஆங்கிலம், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கதைப்பது மாதிரி.

இனி குறைகள். கடைக்காரர் தன் பணப்பையின் பொதுத் திறவுகோலை மட்டும் சர்வரில் பதிந்தால் போதும். தபால் பெட்டியின் முகவரி என்னிடம், திறப்பு அவர் வீட்டில். எட்டுப் பேரின் காசும் என் பெட்டி வழியாக வந்தாலும் ஒரு சதத்தில்கூட நான் கை வைக்க முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் சந்தைக்கு இது உதவாது. பரிமாற்றங்கள் தொகுதி தொகுதியாகத்தான் பதிவேட்டில் ஏறும், ஒரு தொகுதி பதிவாகச் சராசரியாகப் பத்து நிமிடம், ரோல்ஸ் ஆறிவிடும். கட்டணமும் நிலையில்லை. தொகுதிகளைப் பதிபவர்களுக்கான வெகுமதி பாதியாகக் குறைந்த 2024 ஏப்ரல் 20 அன்று ஒரு பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணமே 100 டொலரைத் தாண்டியது. அன்றும் ஒரு சனிக்கிழமைதான். நல்லகாலம், நாங்கள் அப்போது தொடங்கியிருக்கவில்லை.

ஆகவே லைட்னிங், பிட்காயினுக்கு மேலே ஓடும் விரைவுக் கட்டண வலை. ஓரிரு விநாடியில் காசு வரும், செலவு சில ராப்பன் (சுவிஸ் சதம்). ஆனால் முதல் சந்தை நாளில் என் மானம் போனது. 5 லட்சம் சதோஷி (பிட்காயினின் மிகச்சிறிய அலகு) போட்டு ஒரு வழித்தடம் திறந்து வைத்திருந்தேன். முதல் வாடிக்கையாளர் குறியைப் பிடித்தார், தோல்வி. மறுபடியும் தோல்வி. மணிச்சட்டத்தில் ஒரு கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். மணிகளின் மொத்தம் மாறாது, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளலாம், அவ்வளவுதான். நான் எல்லா மணியையும் என் பக்கமே குவித்து வைத்துவிட்டு, யாராவது தள்ளுவார்கள் என்று காத்திருந்திருக்கிறேன். வாங்குவதற்கு எதிர்ப்பக்கத்தில் மணி இருக்க வேண்டும். பிறகு அப்படி ஒரு வழித்தடத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். வழிகாட்டி நூலில் எல்லாம் எழுதியிருக்கிறது, வாசிக்காதது என் பிழை. ஆனாலும் கடை வைத்திருப்பவர் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வடை விற்க வேண்டுமா?

லைட்னிங்கில் இன்னொன்றும் உண்டு, இதுதான் எனக்கு உறுத்துகிறது. பெட்டியில் உள்ள லைட்னிங் கணு, அதாவது அந்த வலையோடு இணையும் முனை, ஒன்றுதான். எட்டுக் கடையின் லைட்னிங் காசும் அந்த ஒரே பையில் விழுகிறது. பையின் திறப்பு நிர்வாகியிடம், அதாவது என்னிடம். வங்கி வேண்டாம் என்று தொடங்கி நானே வங்கியாகிவிட்டேன். கடைக்கொரு தனிப் பணப்பையை இணைக்க வழியிருக்கிறது. இரண்டு பேர் அப்படிச் செய்தார்கள். மற்ற ஆறு பேர், "நீர்தானே இருக்கிறீர்" என்றார்கள்.

அப்பா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) மனேஜர். தொண்ணூறுகளில் குடும்ப அட்டையோடு நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற ஊரில், காசு வைக்கும் லாச்சியின் திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டுதான் படுப்பார். கணக்குப் பார்க்க ஆள் வரும் கிழமை சரியாகச் சாப்பிடவும் மாட்டார். ஏன் இந்தப் பயம் என்று அப்போது சிரித்திருக்கிறேன். இப்போது வழித்தடங்களின் காப்புக் கோப்பை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ஆறு கடைக்குரிய பங்கை ஒவ்வொரு சந்தையும் முடிந்த அன்றிரவே பிரித்து அனுப்பிவிட்டுத்தான் படுக்கிறேன்.

காசைத் திருப்பிக் கொடுப்பது சுத்த வில்லங்கம். கார்ட் போல ஒரு பொத்தானில் முடியாது. வாடிக்கையாளருக்கு ஓர் இணைப்புக் கொடுக்க வேண்டும், அவர் தன் முகவரியை இட வேண்டும், நாங்கள் அனுமதிக்க வேண்டும். வாங்கிய நேரத்து விகிதமா, இன்றைய விகிதமா என்று வேறு அது கேட்கும். சீஸ்காரர் இதற்குப் பயந்து, திருப்பிக் கேட்பவர்களுக்கு நோட்டாகவே எடுத்துக் கொடுக்கிறார்.

ஒக்டோபரில் சைக்கிள்காரர் நிலவறையில் பெரிய ஃபிரீசர் ஒன்றைச் செருக, ஃபியூஸ் போய் எட்டுக் கடையும் ஒரே நேரத்தில் நின்றது. பகிர்ந்து பாவிக்கும் பெட்டிக்கு அது ஒரு விலை. இப்போது யூபிஎஸ் இருக்கிறது. புதுப்பிக்கும் பொத்தானை வெள்ளி இரவில் தொடுவதில்லை.

எத்தனை பேர் இதில் காசு கட்டினார்கள்? ஒரு வருடத்தில், எட்டுக் கடையும் சேர்த்து, 143 தரம். பத்தில் ஒன்பது பேர் இன்னும் ட்விண்ட் (சுவிஸ் கைத்தொலைபேசிக் கட்டணச் செயலி) அல்லது சில்லறைதான். சுக் நகரசபை 2016 இலேயே 200 பிராங் வரையான கட்டணங்களைப் பிட்காயினில் வாங்கத் தொடங்கிய நாட்டில்கூட நிலைமை இதுதான். வருமானத்துக்காக இதை வைக்க நினைத்தால் வைக்காதீர்கள். நாலைந்து கடை சேர்ந்து, உள்ளே ஒரு ஆளை முழுதாக நம்ப முடிந்து, அந்த ஆளும் நித்திரை குறைவதைப் பொருட்படுத்தாவிட்டால் வையுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை அந்த மணிச்சத்தத்துக்கு.

நான் எதிர்பார்த்தது வேறொன்று. பாண்காரர் தேன்காரரிடம் தேன் எடுப்பார், அக்கா மரக்கறிக்காரரிடம் லீக்ஸும் கரட்டும் எடுப்பார். இந்த உள்வியாபாரம்தான் எங்கள் கூட்டுறவின் உயிர். இந்த நாட்டில் 1934 இலேயே வீர் என்று ஒரு கூட்டுறவைத் தொடங்கி, சிறு வியாபாரிகள் தங்களுக்குள் கடனை வைத்தே கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். அது இன்று வங்கியாகப் பாசலில் இருக்கிறது. அதுபோல எங்கள் உள்கணக்கும் பெட்டிக்குள்ளேயே ஓடும் என்று கூட்டத்தில் பெரிதாகச் சொல்லியிருந்தேன். ஓடவில்லை. எங்கள் பெட்டியில், ஒரே கணுவில் இருக்கும் இரண்டு கடைகள் ஒன்றுக்கொன்று லைட்னிங்கில் கட்ட முடியவில்லை. பெட்டியின் கண்ணுக்கு அது தனக்குத் தானே காசு கொடுப்பது, ஏற்க மறுக்கிறது. தேன் போத்தல் ஒன்றுக்காக நானும் பாண்காரரும் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிய பிறகு அக்கா தன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு என்று எழுதித் தந்தார்.

அந்தக் கொப்பி இப்போது நிலவறையில், பெட்டிக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது. மாதக் கடைசியில் நான்தான் கூட்டிப் பார்க்கிறேன். போன மாதம் 2 பிராங் 40 உதைத்தது, இன்னும் கண்டுபிடிக்கவில்லை.