ஒரு பாலம், ஒரு சுவர், 28 தீவுகளின் குழாய்: மாலத்தீவுக்கு எந்த உதவி கைகொடுத்தது?

மாலத்தீவுக்குச் சீனா கட்டித் தந்த பாலம் பெரிதா, இந்தியா கட்டிவரும் பாலம் பெரிதா என்ற பேச்சுதான் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. வாங்குபவர் பக்கம் நின்று கணக்குப் பார்த்தால், கொடுத்த பணத்தில் எவ்வளவு நன்கொடை, எவ்வளவு கடன், கட்டியது எத்தனை தீவுகளுக்கு எட்டுகிறது என்பவை முதலில் வந்து நிற்கின்றன. அந்தக் கணக்கில் இரண்டு பாலங்களுமே முதலிடம் பெறவில்லை என்பது என் மதிப்பீடு.

தலைநகர் மாலேயையும் விமான நிலையம் உள்ள ஹுல்ஹுலே தீவையும் இணைக்கும் சீனப் பாலம் 2018 ஆகஸ்ட் 30 அன்று திறக்கப்பட்டது. செலவு சுமார் 20 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் சீனாவின் நன்கொடை, எஞ்சியதில் பெரும்பகுதி கடன். அதுவரை விமானத்தில் வந்து இறங்கியவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகேறித்தான் தலைநகருக்குப் போக வேண்டியிருந்தது. அடைமழையிலும் கொந்தளிப்பிலும் அந்தச் சில நிமிடப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், பாலத்தின் அருமையைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. இந்தியாவின் பாலம் மாலேயிலிருந்து விலிமாலே, குல்ஹிஃபல்ஹு தீவுகள் வழியாகத் திலாஃபுஷி தீவு வரை 6.74 கிலோமீட்டர் நீள்கிறது. 10 கோடி டாலர் நன்கொடை, 40 கோடி டாலர் கடன் என்ற ஏற்பாட்டில் 2021 ஆகஸ்டில் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலில் குறித்த காலக்கெடு தாண்டிவிட்டது. நன்கொடையின் விகிதத்திலும் வேலையை முடித்த வேகத்திலும் சீனாவின் கையே ஓங்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இரண்டுமே தலைநகர்ப் பகுதிக்கானவை. ஏற்கெனவே நாட்டு மக்களில் ஐந்தில் இருவர் அங்கே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பாலங்கள் இன்னும் பலரை அங்கேயே இழுக்கும்.

இந்தப் போட்டியில் பெயரே அடிபடாத ஜப்பானை இங்கே கொண்டுவர வேண்டும். 1987இல் பேரலைகள் மாலேக்குள் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்த பிறகு, ஜப்பான் தன் நன்கொடையில் தலைநகரைச் சுற்றிக் கட்டம் கட்டமாகக் கடற்சுவரும் அலைத்தடுப்பும் எழுப்பியது. பணி 2002 வரை நீண்டது. தெற்குக் கரையில் அடுக்கப்பட்டவை நான்கு கால் கான்கிரீட் கட்டைகள்; குமரிக் கடற்கரையில் தூண்டில் வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் தோற்றம் பழகியதே. 2004 சுனாமியின்போது மாலேயின் தெருக்களில் தண்ணீர் புகுந்தாலும், வேறு பல தீவுகள் கண்ட அழிவை அது காணவில்லை. 2011இல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, மாலத்தீவு டின்களில் அடைத்த சூரை மீனை அனுப்பி நன்றிக்கடன் தீர்த்தது. திருப்பிக் கட்டவேண்டிய பணமில்லை, உயிர்களைக் காத்திருக்கிறது என்ற இரண்டு காரணங்களால் மூன்று கட்டுமானங்களில் இதையே முதலில் வைப்பேன். காத்தது தலைநகரை மட்டுமே என்ற குறை இதற்கும் உண்டு.

வெளித்தீவுகளுக்கு எட்டிய உதவி என்று பார்த்தால், ஆரவாரமில்லாத ஒரு வேலைதான் கண்ணில் படுகிறது. பவளத்தீவின் மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பதே அங்கே நன்னீர். வீட்டுக்கு வீடு தோண்டிய கழிவுநீர்த் தொட்டியும் அதே மணலில் இருப்பதால், கிணற்றுநீர் கெடுவதற்கு நாளாவதில்லை. மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பார்கள்; கோடையில் அதுவும் தீர்ந்தால் படகில் தண்ணீர் வரவேண்டும். இந்தியாவின் கடனுதவியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையோ பாதாளச் சாக்கடையோ தீவுதோறும் அமைக்கும் திட்டத்தில், 2024 ஆகஸ்டில் 28 தீவுகளின் பணிகள் ஒப்படைக்கப்பட்டன. மதிப்பு 11 கோடி டாலர். அதே ஆண்டு மார்ச்சில் சீனா, திபெத்தின் பனியாற்றுப் பகுதியிலிருந்து 1,500 டன் குடிநீரை அன்பளிப்பாக அனுப்பியது. புட்டியில் வந்த நீர் குடித்தால் தீர்ந்துவிடும், குழாயில் வருவது தினமும் வரும் என்ற அளவில் இந்தியாவுக்கே என் மதிப்பெண்.

அந்தக் குழாய் கடனில் போட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. 2025 ஜூலையில் மாலத்தீவின் ஆண்டுத் தவணையை 5.1 கோடி டாலரிலிருந்து 2.9 கோடியாக இந்தியா குறைத்ததிலிருந்தே சுமை எவ்வளவு என்பது விளங்கும். அப்போது அறிவித்த 4,850 கோடி ரூபாய்ப் புதிய கடன், முந்தையவற்றைப் போலன்றி, ரூபாயிலேயே வழங்கப்படுகிறது. தூத்துக்குடியிலிருந்து மாலேக்குத் தோணிகளில் போகும் சரக்கையும் சேர்த்து, இந்தியாவிலிருந்து மாலத்தீவு வாங்குவது ஏராளம், விற்பது சொற்பம். ஆகவே அதன் கையில் ரூபாய் சேராது; தவணை நாளில் டாலரைக் கொடுத்துத்தான் ரூபாயைப் பெறவேண்டியிருக்கும். ஆயினும் டாலருக்கு எதிராக ரூபாய் தளர்ந்துவரும் போக்கு நீடிக்குமானால், அந்தத் தளர்ச்சி கடன் வாங்கியவருக்கு ஆதாயமாகும்.