ஃபோர்ட்ரானும் லிஸ்ப்பும்: ஒரே கணினி, இரண்டு பாதைகள்

ஃபோர்ட்ரான், லிஸ்ப் என்ற இரண்டு நிரல் மொழிகளும் ஐபிஎம் 704 கணினியில்தான் முதலில் ஓடின. ஆனால் நோக்கம் வேறு. ஜான் பேக்கஸ் குழு 1957-ல் வெளியிட்ட ஃபோர்ட்ரான், கணக்குச் சூத்திரங்களை ஏறக்குறைய அப்படியே எழுத வழி செய்தது. கையால் எழுதிய அசெம்பிளி (இயந்திர மொழிக்கு மிக நெருக்கமான மொழி) நிரலின் வேகத்தை ஒரு கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எட்டுமா என்று அப்போது பலருக்கும் சந்தேகம். அதனால் குழு தன் உழைப்பில் பெரும்பங்கை வேகத்துக்கே கொடுத்தது. அதற்குப் பலனும் கிடைத்தது: வானிலைக் கணிப்பு நிரல்களில் ஃபோர்ட்ரான் இன்றும் ஓடுகிறது.

லிஸ்ப் 1958-ல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி தொடங்கியது. எண்களைவிடக் குறியீடுகளும் பட்டியல்களும்தான் இதற்கு முக்கியம். ஒரு செயல்பாடு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) தன்னைத்தானே அழைக்கலாம். ஃபோர்ட்ரான் தரத்தில் அது 1990-களில்தான் வந்தது. பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்கும் முறையும் லிஸ்ப்பில் பிறந்ததுதான். அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: லிஸ்ப் கோவையை மதிப்பிட்டு விடை தரும் 'இவால்' செயல்பாட்டை மெக்கார்த்தி கோட்பாடாகத்தான் எழுதினார்; அதை ஸ்டீவ் ரஸ்ஸல் இயந்திர மொழியில் எழுதிவிட, அதுவே லிஸ்ப் நிரல்களை நேரடியாக இயக்கும் இன்டர்ப்ரெட்டர் ஆனது.

வேகமான எண் கணக்குக்கு ஃபோர்ட்ரான்தான், சரி. ஆனால் இன்றைய பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் சிந்திக்கும் விதம் லிஸ்ப்புக்கே நெருக்கம் என்பேன்.