ஈறு ஓரத்தில் வரிசையாகச் சொத்தையா? கேப் போடக் காசு கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

என் அம்மாவுக்கு 54 வயது. இரண்டு வருடத்தில் ஒரே கிளினிக்கில் ஒன்பது பற்களுக்கு ரூட் கெனால், ஏழு கேப், மொத்தம் 1,40,000 ரூபாய். அதில் நான்கு கேப் கழன்றுவிட்டது. உள்ளே இருந்த பல் ஈறு மட்டத்திலேயே ஒடிந்து கிடக்கிறது.

ஒவ்வொரு முறையும் அந்த டாக்டர் சொன்னது ஒன்றுதான், "நீங்க சரியா பிரஷ் பண்றதில்லைம்மா." காலையும் இரவும் தவறாமல் பல் தேய்க்கிறவர் அம்மா, அதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் கூனிக்குறுகிப் போவார். வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, ராத்திரி தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு வேண்டும், தண்ணீர் குடிக்காமல் ஒரு முறுக்கைக்கூட விழுங்க முடியவில்லை என்று அவரே வாய்விட்டுச் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரோ, வயசானா அப்படித்தான், தண்ணி நிறைய குடிங்க என்று சொல்லிவிட்டு அடுத்த பல்லுக்குப் போய்விட்டார். சுகர் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அலர்ஜி மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை என்று வாயை வறள வைக்கும் மருந்துகள் நிறைய உண்டு, முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

கடைசியில் கண்டுபிடித்தது கண் டாக்டர். மணல் விழுந்தது போல உறுத்துகிறது என்று போனோம். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார், 3 மில்லிமீட்டர்தான் நனைந்திருந்தது. 5-க்குக் கீழே என்றாலே கண்ணீர் போதவில்லை என்று அர்த்தமாம். உடனே "வாயும் வறண்டு போகுதாம்மா?" என்று கேட்டார், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் ருமட்டாலஜி டாக்டர் (மூட்டு, எதிர்ப்புச் சக்தி நோய்களைப் பார்ப்பவர்), உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் எஸ்எஸ்ஏ ரத்தப் பரிசோதனை, கீழுதட்டின் உள்ளிருந்து சின்னதாகத் திசு எடுத்து ஒரு பயாப்ஸி. ஷோகிரன் நோய். 1933-லேயே ஸ்வீடன் கண் மருத்துவர் ஒருவர் விரிவாக எழுதி வைத்த நோய்தான், புதிதாக முளைத்தது இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்குகிறது. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள்.

எச்சில்தான் வாயில் சேரும் அமிலத்தை முறித்து, பல் இழந்த கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கிறது. அது வற்றிவிட்டால் சாதாரணமாகச் சொத்தை வராத இடங்களில், ஈறு ஓரத்திலும் பல் நுனியிலும் வரும். கேப்பின் விளிம்பும் அதே ஈறு ஓரத்தில்தானே உட்காருகிறது? வறட்சியைக் கவனிக்காமல் கேப் மேல் கேப் போட்டால் அடியில் அரித்துக்கொண்டே போகும். ரூட் கெனாலே தப்பு என்று நான் சொல்லவில்லை, சில பற்களுக்கு அது தேவைப்பட்டிருக்கும். ஆனால் இந்த வரிசையைப் பார்த்ததுமே ஒரு பல் டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இப்போது அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டுகிறோம். ஃப்ளூரைடு அதிகமுள்ள 5000 பிபிஎம் பேஸ்ட், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளூரைடு பூச்சு, எச்சில் சுரக்க பைலோகார்பின் மாத்திரை. எட்டு மாதமாகப் புதுச் சொத்தை இல்லை. காதுக்குக் கீழே வீக்கம் வந்து வடியாமல் நின்றால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள், இந்த நோயில் சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரலாம் என்பதால். அதைக் கேட்ட அன்றுதான் போன இரண்டு வருடத்தை நினைத்து எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

வாய் வறட்சியும் கண் உறுத்தலும் சேர்ந்து இருந்தால், கூடவே மூட்டு வலி, அசதி இருந்தால், காசு கட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். எக்ஸ்ரே நகலை அன்றன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், எங்களுக்கு அதற்கே மூன்று நடை ஆனது. இம்பிளான்ட்டுக்கு (தாடையில் செயற்கைப் பல் பதிக்க) என்று அந்தப் பழைய கிளினிக் வாங்கிய 30,000 ரூபாய் அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை. பில்களை எல்லாம் திரட்டிவிட்டேன், அடுத்த வாரம் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன்.