பாண்டி மைக்ரோ ப்ரூவரி: கோதுமை பீருக்கு போலாம், ஐபிஏவுக்கு வேணாம்

முதல்லயே சொல்லிடறேன், பாண்டின்னாலே சரக்கு சல்லிசு, அள்ளிப்போட்டு வரலாம்னு கெளம்பற கூட்டத்துக்கு இந்த எடம் சரிப்படாது. ஒரு க்ளாஸ் 330 மில்லி, 350 ரூபா சொச்சம் வருது, அந்தக் காசுக்கு வெளிய ஒயின்ஷாப்ல ரெண்டு பெரிய பாட்டில் வாங்கிடலாம். போதைக்கு இல்ல, நாக்குக்கு குடிக்கறேன்னு சொல்றவங்க மட்டும் மேல படிங்க. கடை பேரு போடல, ஏன்னா நடுவுல கொஞ்சம் திட்டவும் போறேன். பெரிய வாய்க்காலுக்கு மேற்கால, கடைக்குள்ளயே பீர் காய்ச்சி ஊத்தற எடம்.

கும்பகோணத்துல ஒரு காதுகுத்து முடிச்சிட்டு சென்னை திரும்பறப்ப போனது. நான், இவரு, கொழுந்தன். வழக்கமா அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி, விக்கிரவாண்டின்னு தான் போவோம், அந்த ரோட்ட வருஷக்கணக்கா போட்டுக்கிட்டே இருக்காங்க, குழியும் டைவர்ஷனும் பாத்து அலுத்துப் போயி வடலூர்ல வலது பக்கம் ஒடிச்சு குறிஞ்சிப்பாடி வழியா கடலூர் புடிச்சோம். வடலூர்ல வள்ளலார் 1867ல தொடங்கின தருமசாலைல இன்னிக்கும் அடுப்பு அணையாம சோறு போடறாங்க, "அண்ணி, இங்க கும்பிட்டுட்டு நேரா பீர் குடிக்கப் போறீங்களா"ன்னு கொழுந்தன் கேட்டான், நான் பதில் சொல்லல. அவன் தொடமாட்டான், அதான் வண்டி அவன் கைல. மஞ்சக்குப்பம் தாண்டி ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பாண்டிலேர்ந்து வர்ற வண்டிய எல்லாம் டிக்கி தொறந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க, போற எங்கள யாரும் கண்டுக்கல. பென்னையாத்து பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, அதுக்கப்பறம் கன்னியக்கோவில்லேர்ந்தே வரிசையா ஒயின்ஷாப் போர்டு தான். அரியாங்குப்பம் வர்றப்ப அரிக்கமேட்டுக்கு ஒரு கைகாட்டி இருக்கு, 1945ல தொல்லியல்காரர் வீலர் தோண்டினப்ப ரோமாபுரி ஒயின் ஜாடித் துண்டுங்க கெடச்ச எடம் அது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கரைல வெளிநாட்டு சரக்கு எறங்கியிருக்கு, நம்ம ஆளுங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

எடம் எப்படின்னா, பழைய குடோன் மாதிரி ஒசரமான கூரை, ஒரு பக்கம் முழுக்க கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னாடி எவர்சில்வர் டேங்குங்க வரிசையா நிக்குது. புதன்கெழம மத்தியானம், பன்னெண்டரை இருக்கும், மொத்தமே நாலஞ்சு டேபிள் தான். பொண்ணுங்க போலாமா, உக்காந்து குடிச்சா மொறச்சுப் பாப்பாங்களான்னு என்கிட்ட கேக்கற ஃப்ரெண்ட்ஸ் நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்காக சொல்றேன், தாராளமா போலாம். பக்கத்து டேபிள்ல ரெண்டு பொண்ணுங்க மட்டும் வந்து லேப்டாப் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. டாய்லெட் சுத்தம், தாழ்ப்பாள் வேலை செய்யுது, பை மாட்ட கொக்கி இருக்கு. நம்ம ஊர் பார்ல இந்த மூணும் ஒண்ணா நான் பாத்ததில்ல.

சரி பீருக்கு வரேன். எடுத்த எடுப்புல பெரிய க்ளாஸ் சொல்லாதீங்க. சாம்ப்ளர்னு ஒரு பலகைல ஆறு சின்ன க்ளாஸ் வச்சு தர்றாங்க, ஒவ்வொண்ணும் 100 மில்லி, ரெண்டு பேரு பகிர்ந்துக்கிட்டா எது புடிக்குதுன்னு தெரிஞ்சிரும், அப்பறம் அத மட்டும் சொல்லிக்கலாம்.

அதுல நெஞ்சுல நின்னது கோதுமை பீர். கலங்கலா மஞ்சளா இருக்கும், மூக்குகிட்ட கொண்டு போனாலே பழுத்த வாழப்பழ வாசனை, முழுங்கினப்பறம் லேசா கிராம்பு. இவரு எசன்ஸ் ஊத்தறாங்கன்னு அடிச்சு சொன்னாரு. கம்பூட் போட்டுக்கிட்டு டேங்க் கழுவிக்கிட்டிருந்த தம்பி ஒருத்தர் வெளிய வந்தாரு, அவர்கிட்ட கேட்டா சிரிக்கறாரு, "அக்கா, வாழப்பழமும் இல்ல கிராம்பும் இல்ல, எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை". ஜெர்மன்காரங்க இந்த பீருக்குன்னே ஒரு ஈஸ்ட் வச்சிருக்காங்களாம், புளிக்கறப்ப அதுவே அந்த வாசனையெல்லாம் விடும், மால்ட்ல, அதாவது மொளகட்டி காய வச்ச தானியத்துல, பாதிக்கு மேல கோதுமை, வடிகட்டாம ஊத்தறதால தான் கலங்கலா இருக்கு. கசப்பு ரொம்ப கம்மி, அதனால பீர்னாலே மூஞ்ச சுளிக்கறவங்க கூட இத குடிச்சிருவாங்க. பாண்டி வெயிலுக்கு இதுக்கு மேல ஒண்ணு வேணாம்.

அந்தத் தம்பி நல்லா பேசினாரு, கூட்டம் இல்லாததால கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கூட்டிட்டுப் போயி காட்டவும் செஞ்சாரு. ஒடச்ச மால்ட 65 டிகிரி கிட்ட வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற வைக்கறாங்க, அதுல மாவு சக்கரையா மாறுது. அந்தத் தண்ணிய மட்டும் வடிச்சு எடுத்து ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு ஹாப்ஸ்ங்கற கொடியோட பூவ போடறாங்க, முன்னாடி போட்டா கசப்பு, கடைசில போட்டா வாசனை. அப்பறம் சட்டுனு ஆற வச்சு ஈஸ்ட் விட்டுட வேண்டியது தான். மிச்ச சக்கைய மாட்டுக்குன்னு ஒருத்தர் டெம்போல வந்து அள்ளிட்டுப் போயிடறாராம், அன்னிக்கு காலைல அள்ளினது போக கொஞ்சம் தொட்டில கெடந்துச்சு, வாயில போட்டுப் பாத்தேன், இனிப்பெல்லாம் எறங்கிப்போயி வெறும் உமி. ஊர் தண்ணி உப்பு ஏறினது, அப்படியே போட்டா பீர் வெளங்காதுன்னு ஆர்ஓ பண்ணி, வேணுங்கற உப்ப மட்டும் அளந்து திரும்ப சேக்கறாங்க.

லாகர் (நம்ம ஊர் பாட்டில் பீர் பெரும்பாலும் இந்த வகை தான்) கேட்டதுக்கு இல்லன்னுட்டாங்க. கோதுமை பீர் மாதிரி ஏல் வகையெல்லாம் 20 டிகிரி கிட்ட ஒரு வாரம் பத்து நாள்ல பொங்கி அடங்கிடும், லாகருக்கு 10, 12 டிகிரி குளிர்ல வச்சு பல வாரம் காத்திருக்கணும், அத்தன நாள் ஒரு டேங்க அடைச்சுக்கிட்டு நிக்கும், இருக்கறதே கொஞ்சம் டேங்க். ஞாயமான காரணம் தான், ஆனா மெனுல போட்டு வச்சிட்டு இல்லன்னு சொல்றது எதுக்கு, அந்த அட்டைய எடுத்துடலாம்ல.

பெல்ஜியன் விட்னு ஒண்ணு, அதுவும் கோதுமை தான், இதுல நெசமாவே கொத்தமல்லி வெதையும் ஆரஞ்சுத் தோலும் போடறாங்க. நல்லா இருந்துச்சு, ரெண்டாவது க்ளாஸுக்கு மேல போகாது, மல்லி வாசனை தூக்கலாகி ரசப்பொடி டப்பா தொறந்த மாதிரி ஆயிடுது.

ஸ்டவுட் கருப்பா, வறுத்த பார்லில காப்பிக்கொட்டை வாசனை. கும்பகோணத்துக்காரிகிட்ட காப்பி வாசனை காட்டி ஏமாத்த முடியாது, ஆனாலும் இது நெஜமாவே நல்ல சரக்கு, ஒரே குத்தம் எலும்பு சில்லுங்கற அளவுக்கு ஐஸா குடுத்துட்டாங்க. கொஞ்ச நேரம் அப்படியே டேபிள்ல வச்சு ஆறவிட்டு குடிச்சப்ப தான் சாக்லேட்டு, கருகல் எல்லாம் வெளிய வந்துச்சு. அதே மாதிரி எல்லா பீரையும் ஃப்ரீசர்ல வச்ச க்ளாஸ்ல தான் ஊத்தறாங்க, பாக்க பொக பொகயா ஸ்டைலா இருக்கும், வாசனை செத்துப் போயிடும். வாசனைக்காகத் தானய்யா இவ்ளோ காசு. "ஐஸ் க்ளாஸ் வேணாம், சாதா க்ளாஸ் குடுங்க"ன்னு சொல்லி வாங்குங்க, தர்றாங்க. நொரைய கம்மி பண்ணச் சொல்லி சண்டை போடாதீங்க, வாசனை அதுல தான் ஏறி வரும்.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், அது தான் ஏமாத்தம். வெள்ளக்காரன் காலத்துல இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல இங்க அனுப்பற பீர் கெடாம வரணும்னு ஹாப்ஸ அள்ளிப் போட்டு செஞ்சாங்க, பேர்லயே இந்தியா ஒட்டிக்கிட்டது அப்படித்தான். அந்த ஹாப்ஸ் குளிர் நாட்டு கொடி, நல்ல ஐபிஏல எலுமிச்சை, மாம்பழம், பைன் மரம்னு வாசனை அப்படியே எழும்பணும். இங்க குடுத்ததுல வாசனைய காணோம், கசப்பு மட்டும் தொண்டைல போயி ஒக்காந்துக்கிச்சு. ஹாப்ஸ் பழசா இல்ல பீரு டேங்க்ல ரொம்ப நாள் கெடந்துச்சான்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டேன், மனுஷன் வேற பக்கம் பாத்தாரு. மொத்தத்துல லேசான பீரெல்லாம் இவங்களுக்கு கைவந்திருக்கு, பேரு பெருசா இருக்கறது வரல.

கடைசியா ஒண்ணு, கருப்புக் கவுனி அரிசி போட்ட சீசன் பீர், எப்பவும் இருக்காதாம். அரிசிய மால்ட் கூட அப்படியே போட முடியாது, அந்த சூட்டுல அது வேகாது, தனியா குழைய வேக வச்சு தான் சேக்கணும், மால்ட்ல இருக்கற சத்து தான் அந்த அரிசி மாவையும் சேத்து சக்கரையாக்கும். லேசான செகப்பு நெறம், பின்னாடி ஒரு சின்ன புளிப்பு. அரிசி ஊர்ல பொறந்ததால நான் ஒருதலப்பட்சமா சொல்லலாம், ஆனா ஜெர்மனி பெல்ஜியம்னு பாத்து செய்யறத விட இந்தத் தம்பி இதுல இன்னும் நாலு தடவ மெனக்கெட்டாருன்னா அதுக்காகவே ஊர் தாண்டி வருவாங்க. இப்போதைக்கு கொஞ்சம் தண்ணியா தான் இருக்கு.

பாட்டில் பீர் குடிச்சுப் பழகினவங்களுக்கு ஒரு விஷயம். கடைல விக்கற பாட்டில் கெடாம இருக்கறதுக்கு சூடு பண்ணி அடைச்சது, அப்பறம் லாரி, குடோன், வெயில்னு சுத்தி வருது, வெளிச்சம் பட்டா ஹாப்ஸே நாத்தம் குடுக்கும். இங்க டேங்க்லேர்ந்து நேரா க்ளாஸுக்கு. அந்த வித்தியாசம் முதல் முழுங்குலயே தெரியும். இன்னொரு வித்தியாசம், ஸ்ட்ராங் பாட்டில்ல 8 சதவீதம் வரைக்கும் போகும், இந்த கோதுமை பீர் 5 சதவீதம் தான். ரெண்டு டேபிள் தள்ளி ஒரு அண்ணன் சர்வர புடிச்சு வச்சுக்கிட்டு "இதுல எது நல்லா ஏறும், அத மட்டும் சொல்லு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, பாவம் அந்தப் பையன் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள அவரே எந்திரிச்சு போயிட்டாரு.

சாப்பாடு பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. நெத்திலி வறுவல் மொறுமொறுன்னு பிரமாதம், கோதுமை பீர் கூட அத வச்சு சாப்பிட்டா வேற எதுவும் வேண்டாம், ரெண்டு தட்டு போச்சு. மீன பீர் மாவுல முக்கிப் பொரிக்கறேன்னு வந்தது எண்ணெய் குடிச்சு சவசவன்னு. பீட்சா சுமார். கூட்டமே இல்லாத நாள்ல முக்கா மணி நேரம் ஆச்சு பீட்சா வர, கேட்டா "வந்துட்டே இருக்கு மேடம்", எங்கேர்ந்து வருதுன்னு சொல்லல. பாட்டு சத்தம் வேற, கொறைக்கச் சொன்னா கொறச்சாங்க, பத்து நிமிஷத்துல தானா ஏறிக்கிச்சு.

பில்லு ரெண்டா வந்துச்சு, சரக்குக்கு ஜிஎஸ்டி கெடையாது, அதுக்கு தனி வரி, சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதுல தப்பு இல்ல. அடில சத்தமில்லாம சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதான் கடுப்பு. ஓட்டல்காரங்க தானா சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லியாச்சு, டெல்லி ஐகோர்ட்டும் 2025ல அது சரின்னுடுச்சு. எடுங்கன்னு சொன்னேன், மேனேஜர் மூஞ்சி மாறிச்சு, ஆனா எடுத்தாரு. அந்த டேங்க் தம்பிக்கும் பரிமாறின பையனுக்கும் கைல குடுத்துட்டு வந்தோம்.

அண்ணனுக்கு வாங்கிட்டு போலாம்னு பாட்டில்ல அடைச்சு தருவீங்களான்னு கேட்டேன், தரமாட்டாங்க. தந்தாலும் எல்லை தாண்டி தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வர முடியாது, கடலூர் பக்கமா போனாலும் மரக்காணம் பக்கமா போனாலும் செக்கிங் உண்டு, ஒரு பாட்டில் தானேன்னு பல்ல இளிச்சா வேலைக்காகாது.

வண்டி ஓட்டறவங்க குடிக்காதீங்க, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸு, முதல் தடவையே 10,000 ரூபா வரைக்கும் ஃபைன், ஜெயிலும் உண்டு. கொழுந்தன் மாதிரி ஒருத்தர் இல்லன்னா ஊர்லயே ரூம் போட்டுட்டு ஆட்டோல போங்க, இல்ல கடலூர்லேர்ந்து பஸ்ஸுல வாங்க, 25 கிலோமீட்டர் கூட இல்ல, பஸ்ஸு வந்துக்கிட்டே இருக்கும். குடிக்காதவங்களுக்குன்னு அவங்களே செய்யற இஞ்சி சோடா ஒண்ணு இருக்கு, காரம் மூக்குல ஏறும், கொழுந்தன் மூணு க்ளாஸ் அடிச்சான், அதுவும் க்ளாஸ் 180 ரூபா.

கார் பார்க்கிங் அங்க கெடையாது, தெருல ஓரங்கட்டினா பூட்டு போட்டுருவாங்க, கொஞ்சம் தள்ளி காசு பார்க்கிங் இருக்கு, அங்க விட்டுட்டு நடங்க. சனி ஞாயிறு சாயங்காலம் வாசல்லயே க்யூ நிக்குமாம், அன்னிக்கு கோதுமை பீர் தான் மொதல்ல தீரும்னு அந்தத் தம்பியே சொன்னாரு. வார நாள் மத்தியானம், டேங்க் பக்கத்து டேபிள் கேளுங்க.